கசான் மாணவிக்கு எந்தத் தேர்வு?

போன மாதம் ரஷ்யாவின் கசான் நகரத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருந்தார். மகளுக்குப் பதினான்கு வயது, எட்டாம் வகுப்பு. பள்ளியில் ஆங்கிலத்துக்கு எப்போதும் ஐந்துக்கு ஐந்து. ஆனால் கோடை விடுமுறையில் துருக்கி போயிருந்தபோது, ஓட்டல் வரவேற்பறையில் லிஃப்ட் எங்கே என்று கேட்கக்கூட வாயைத் திறக்கவில்லையாம். எதை நம்புவது, எந்தத் தேர்வு எழுத வைத்தால் உண்மை தெரியும் என்பது அவருடைய கேள்வி.

நான் ஆன்லைனில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிற ஆள். சில ஆண்டுகளாக ரஷ்ய மொழி பேசும் வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் வருகிறார்கள். இதே கேள்வியை வேறு வேறு அம்மாக்கள் கேட்டிருக்கிறார்கள். என்னைப் போல இந்த வேலைக்கு வரும் தமிழ் ஆசிரியர்களும் கேட்கிறார்கள். அதனால் என் கையில் இருக்கும் நான்கு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுகிறேன்.

முதலில் அந்த ஐந்து மதிப்பெண்ணை ஒதுக்கிவிடலாம். ரஷ்யப் பள்ளிகளில் உச்சம் ஐந்து. இரண்டு வாங்கினால் ஃபெயில், ஒன்றை அநேகமாக யாரும் போடுவதே இல்லை. ஆக மூன்று, நான்கு, ஐந்து என்ற மூன்று படிக்குள் வகுப்பு முழுவதும் அடங்கிவிடும். அங்கே இரண்டாம் வகுப்பிலிருந்தே அயல்மொழிப் பாடம் உண்டு. ஏழாவது வருடமாக ஒழுங்காக ஹோம்வொர்க் செய்து, பாடத்தை மனப்பாடமாக ஒப்பிக்கிற பெண்ணுக்கு ஐந்து கிடைக்காமல் என்ன செய்யும்?

அப்புறம், ரஷ்ய மொழி இந்தப் பிள்ளைகளின் ஆங்கிலத்தை எங்கெங்கே பிடித்து இழுக்கிறது என்று தெரிந்தால்தான் எந்தத் தேர்வு அதைக் காட்டும், எது மறைக்கும் என்று சொல்ல முடியும். தமிழருக்கு இது எளிதாகப் பிடிபடும். ரஷ்ய மொழியில் 'எ', 'தி' கிடையாது. நிகழ்காலத்தில் 'இஸ்', 'ஆர்' கிடையாது. 'அனா உச்சீத்தில்' என்றால் 'அவள் ஆசிரியர்', நடுவில் ஒன்றுமில்லை. 'எனக்கு நாய் உண்டு' என்பதற்கு 'உ மின்யா யெஸ்த் சபாகா', அதாவது 'என்னிடம் இருக்கிறது நாய்'. நாம் 'கை' என்கிற மாதிரி அவர்களுக்கு 'ருகா' ஒன்றே. ஆங்கிலத்தில் அது ஆர்மா ஹேண்டா என்று யோசிக்க வேண்டியிருக்கும். கைவிரலும் கால்விரலும் இரண்டுமே 'பாலெத்ஸ்'. நம்மிடம் இல்லாத சிக்கலும் ஒன்று உண்டு: அவர்களுக்கு மேசை ஆண்பால், புத்தகம் பெண்பால். புத்தகம் எங்கே என்று கேட்டால் 'ஷி இஸ் ஆன் டேபிள்' என்று பதில் வரும். அதில் 'தி' வராது என்பதையும் கவனியுங்கள்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

ரஷ்யாவிலேயே இருக்கும் பிள்ளைக்கு முதலில் கண்ணில் படுவது அரசுத் தேர்வுதான். ஒன்பதாம் வகுப்பு முடிவில் வருவதை ஓகேஏ என்று எழுத்துக்கூட்டாமல் சேர்த்தே சொல்வார்கள். நம் காதில் 'ஓகே' என்று விழும். பதினொன்றாம் வகுப்பு முடிவில் வருவது யெகே. 2009 முதல் நாடு முழுவதற்கும் இதுதான் பள்ளி இறுதித் தேர்வு, இதே மதிப்பெண்ணை வைத்துத்தான் பல்கலைக்கழக இடமும். நம் ஊர்க் கணக்கில் பிளஸ் டூவையும் நுழைவுத் தேர்வையும் ஒரே தேர்வாக எழுதுவது போல. ஆங்கிலம் இதில் விருப்பப் பாடம். 2022 முதல் அயல்மொழியைக் கட்டாயமாக்குவதாக இருந்தார்கள், பிறகு அந்தத் திட்டத்தைக் கைவிட்டுவிட்டார்கள்.

யெகே ஆங்கிலத் தாளை மட்டமாகப் பேசுகிறவர்கள் அதைத் திறந்து பார்த்ததில்லை என்பேன். எழுத்துப் பகுதி 3 மணி 10 நிமிடம்: கேட்டல், வாசித்தல், இலக்கணமும் சொல்லும், எழுதுதல். 2015 முதல் வாய்மொழிப் பகுதியும் உண்டு, இப்போது 17 நிமிடம். மாதிரித்தாள், மதிப்பிடும் விதிகள், திறந்த வினா வங்கி எல்லாமே ஃபிபி என்ற அரசு அளவீட்டு நிறுவனத்தின் தளத்தில் இலவசம். விதிகள் ஒளிவுமறைவு இல்லாதவை. மின்னஞ்சல் ஒன்று 100 முதல் 140 சொல்லுக்குள் எழுத வேண்டும். 90க்குக் கீழே போனால் பூஜ்யம், 154ஐத் தாண்டினால் முதல் 140 சொல்லை மட்டும் படிப்பார்கள். ஒரு ஆசிரியராக எனக்கு இந்தக் கறார் பிடிக்கும். யார் திருத்தினாலும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்தான் வரும்.

ஆனால் கறாரான விதி எங்கே இருக்கிறதோ அங்கே டெம்ப்ளேட்டும் வந்துவிடும். பெரிய எழுத்துக் கேள்வியில் ஒரு அட்டவணையோ வரைபடமோ கொடுத்து 200 முதல் 250 சொல்லில் எழுதச் சொல்வார்கள். முன்னுரை, இரண்டு மூன்று தகவல், ஓரிரு ஒப்பீடு, ஒரு பிரச்சினையும் தீர்வும், முடிவுரை என்று திட்டமும் அவர்களே தருவார்கள். டியூஷன் வாத்தியார்கள் ஒவ்வொரு பத்திக்கும் அச்சு வாக்கியம் செய்து வைத்திருக்கிறார்கள். பிள்ளை அதை அப்படியே இறக்கி, நடுவில் எண்ணை மட்டும் மாற்றும். பிழையே இருக்காது. அதற்கு அந்த வாக்கியம் புரிந்ததா என்பது நமக்குத் தெரியாது.

வாய்மொழிப் பகுதி இன்னும் சுவாரசியம். மாணவர் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்து பேசுவார், எதிரே மனிதர் இல்லை. கடைசிக் கேள்வியில் கற்பனை இப்படி: நீயும் நண்பனும் பள்ளி ப்ராஜெக்ட் செய்கிறீர்கள், அதற்காக இரண்டு புகைப்படம் தேடி வைத்திருக்கிறாய், தொழில்நுட்பக் காரணத்தால் அவற்றை அனுப்ப முடியவில்லை, அதனால் படங்களை விவரித்து நண்பனுக்குக் குரல் செய்தி அனுப்பு. படம் போகாத போனில் குரல் மட்டும் எப்படிப் போகும் என்று ஒரு மாணவன் என்னிடம் கேட்டான். நியாயமான கேள்விதான். இரண்டரை நிமிடம் யோசித்து, மூன்று நிமிடம், பன்னிரண்டு முதல் பதினைந்து வாக்கியம். வராந்தாவில் நின்று மேடைப் பேச்சு ஒத்திகை பார்க்கும் பிள்ளை மாதிரி கடகடவென்று கொட்டிவிடுவார்கள். ஓட்டல் வரவேற்பறையில் எதிரே இருப்பவர் திரும்ப ஒரு கேள்வி கேட்டால் வாய் அடைத்துப்போகும்.

இந்தப் பெண்ணுக்கு இப்போதைக்கு ஓகேதான் பொருந்தும். எழுத்து 2 மணி நேரம், வாய்மொழி 15 நிமிடம், மொத்தம் 68 புள்ளி, 58 வந்தால் ஐந்து என்று வைத்துக்கொள்ளலாம். அதில் எனக்குப் பிடித்த ஒரு பகுதி, தொலைபேசிக் கருத்துக்கணிப்பு போல ஆறு கேள்விகளுக்கு உடனுக்குடன் பதில் சொல்வது. மறுமுனையில் இருப்பது பதிவு செய்த குரல்தான், இருந்தாலும் மனப்பாடத்துக்கு அங்கே இடம் குறைவு.

இரண்டாவது வழி கேம்பிரிட்ஜின் பள்ளித் தேர்வுகள். சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்டார்ட்டர்ஸ், மூவர்ஸ், ஃப்ளையர்ஸ். பாஸ் ஃபெயில் கிடையாது, ஒவ்வொரு திறனுக்கும் ஐந்து வரை கேடயப் படம். அதற்கு மேல் ஏ2 கீ, பி1 பிரிலிமினரி, பி2 ஃபர்ஸ்ட் (ஏ2, பி1, பி2 என்பவை மொழித்திறனை அளக்கும் ஐரோப்பிய நிலைகள்: ஏ2 அடிப்படை, பி1 நடுத்தரம், பி2 அதற்கு அடுத்த படி). ரஷ்யப் பெற்றோர் இன்றும் பழைய பெயரில் கெட், பெட் என்றுதான் சொல்கிறார்கள். பதினான்கு வயதுக்குப் பெட், அதாவது பி1 பிரிலிமினரி, சரியான அளவு. வாசிப்பு 45 நிமிடம், எழுத்து 45 நிமிடம், கேட்டல் அரை மணி, பேச்சு சுமார் 12 நிமிடம்.

அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்காகவே நான் இதை மதிக்கிறேன். இரண்டு மாணவர்கள் ஜோடியாக உள்ளே போவார்கள். ஒரு தேர்வாளர் பேசுவார், இன்னொருவர் ஓரமாக உட்கார்ந்து மதிப்பெண் மட்டும் போடுவார். நடுவில் ஒரு கட்டத்தில் மாணவர்கள் இருவரும் தங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வர வேண்டும். அடுத்தவர் சொன்னதைக் கேட்டு, மறுத்து, கேள்வி கேட்டு, 'நீ என்ன நினைக்கிறாய்' என்று தள்ளிவிட வேண்டும். ரஷ்ய மொழியில் வாக்கியத்தின் சொல் வரிசையை மாற்றாமல் குரலை மட்டும் ஏற்றினால் அதுவே கேள்வியாகிவிடும். ஆங்கிலத்தில் 'டூ', 'டஸ்' போட்டு வரிசையைப் புரட்ட வேண்டும். தயாரித்து வைத்த கேள்வியில் பிள்ளைகள் இதைச் சரியாகச் செய்வார்கள். எதிராளி எதிர்பாராததைச் சொன்ன அடுத்த நொடி 'யூ லைக் ஸ்விம்மிங்?' என்று வந்துவிடும். மைக்கின் முன்னால் இது வெளிப்படவே வெளிப்படாது.

சிக்கல் வேறு இடத்தில். 2022க்குப் பிறகு ரஷ்யாவுக்குள் கேம்பிரிட்ஜ் தேர்வு எழுத வழியில்லை. ஐஇஎல்டிஎஸ், டோஃபல் கதையும் அதுதான். வேண்டும் என்கிறவர்கள் கஜகஸ்தானுக்கோ ஆர்மீனியாவுக்கோ விமானம் ஏறுகிறார்கள். தேர்வுக் கட்டணத்துக்கு மேலே டிக்கெட், தங்கும் இடம், கூடவே போகும் அம்மாவின் விடுமுறை. பதினேழு வயதில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் கேட்கிறது என்றால் செய்துதான் ஆக வேண்டும். பதினான்கு வயதில் 'எங்கே நிற்கிறாள் என்று பார்க்கலாமே' என்பதற்காகச் செய்தால் அது வீண் செலவு. கஜகஸ்தானின் அல்மாட்டி நகரத்தில் குடியிருக்கும் ரஷ்ய மொழிக் குடும்பம் என்றால் என் பதில் வேறு. தேர்வு உள்ளூரிலேயே இருக்கிறது, போய் எழுதட்டும், சான்றிதழுக்குக் காலாவதி தேதியும் கிடையாது. கசானுக்கு அது பொருந்தாது.

ஆனால் சான்றிதழ் வேறு, வினாத்தாள் வேறு. பெட்டின் மாதிரித்தாள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. இரண்டு மாணவர்களை ஒரே வீடியோ அழைப்பில் உட்கார வைத்துப் பேச்சுப் பகுதியை நடத்தலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். முத்திரை இருக்காது, தகவல் கிடைத்துவிடும்.

மூன்றாவது, இணையத்தில் கிடைக்கும் இலவச நிலைத் தேர்வுகள். ஈஎஃப் செட் போன்றவை ஐம்பது நிமிடத்தில் வாசிப்பையும் கேட்பதையும் அளந்து ஒரு நிலையைச் சொல்லிவிடும். புது மாணவரை எந்த வகுப்பில் போடுவது என்று குத்துமதிப்பாகத் தெரிய வேண்டுமானால் போதும். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. பக்கத்துத் திரையில் யாண்டெக்ஸ் மொழிபெயர்ப்பைத் திறந்து வைத்திருக்கிறதா பிள்ளை என்பதும் நமக்குத் தெரியாது. வீடியோ கேம் விளையாடி, ஆங்கில யூட்யூப் பார்த்து வளர்ந்த ரஷ்யப் பையன்கள் இதில் பி2 வாங்கிக்கொண்டு வருவார்கள். ஒரு பத்தி எழுதச் சொன்னால் ஏ2வுக்கு மேல் தேறாது.

நான்காவது வழி, நாமே அரை மணி நேரத்தில் எடுக்கும் சோதனை. என் கட்சி இதுதான். ஏன் என்று அந்தப் பெண்ணை வைத்தே சொல்கிறேன்.

முதல் நாள் அவளுக்கு 'எ', 'தி' பற்றிக் கோடிட்ட இடம் நிரப்பும் பத்துக் கேள்வி கொடுத்தேன். எட்டு சரி. அப்புறம் உன் அறையைக் காட்டிப் பேசு என்றேன். இரண்டு நிமிடம் நன்றாகவே பேசினாள். பதிவை மறுபடி ஓடவிட்டு எண்ணிப் பார்த்தேன். 'எ', 'தி' வந்திருக்க வேண்டிய இடங்களில் இரண்டே இரண்டில் வந்திருந்தது, அதில் ஒன்று 'தி இன்டர்நெட்'. விதி அவளுக்குத் தெரியும். கோடிட்ட இடம் கண்ணெதிரே நின்று 'இங்கே ஒன்று வேண்டும்' என்று சொல்லும்போது விதி ஞாபகம் வருகிறது. பேசும்போது கோடு கிடையாது, ரஷ்ய மொழிதான் வழி நடத்துகிறது. டிக் அடிக்கும் எந்தத் தேர்வும் இதைக் காட்டாது.

அறைக்குப் பிறகு, என்னைப் பற்றி ஆறு கேள்வி கேட்கச் சொல்வேன், ஒவ்வொரு பதிலையும் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வி. அப்புறம் நேற்று நடந்தது ஒன்று, 'எத்தனை வருடமாக இந்த வீட்டில் இருக்கிறாய்' என்று ஒன்று. ரஷ்ய மொழியில் இறந்தகால வடிவம் ஒன்றுதான். செயல் முடிந்ததா இல்லையா என்பதை வினைச்சொல்லே காட்டிவிடும். இன்னும் தொடர்வதை நிகழ்காலத்திலேயே சொல்வார்கள். அதனால் 'ஹேவ் லிவ்ட்' வர வேண்டிய இடத்தில் 'ஐ லிவ் ஹியர் ஃபைவ் இயர்ஸ்' என்றுதான் வரும். கடைசியாக எண்பது சொல், கையால், தாளில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். கையால் ஏன் என்றால், தானியங்கித் திருத்தத்துக்கும் மொழிபெயர்ப்புக்கும் அங்கே வேலை குறைவு. இன்னொரு காரணமும் உண்டு. ரஷ்யக் கூட்டெழுத்தில் 'த்' ஒலிக்கான எழுத்து ஆங்கில எம் போல இருக்கும், 'ப்' ஒலிக்கானது என் போல, 'த்' போலவே நாக்கு பல்லில் பட்டு, ஆனால் அதிர்வோடு வரும் ஒலிக்கானது ஜி போல. கீழ் வகுப்புப் பிள்ளைகளின் தாளில் இரண்டு எழுத்துமுறையும் கலந்து கிடக்கும். அதைச் சொல் தெரியாத பிழை என்று எண்ணி மதிப்பெண் குறைத்தால் பாவம்.

இடையில் உரக்க வாசிக்க நான்கைந்து வாக்கியம் தருவேன். ரஷ்ய மொழியில் சொல்லின் இறுதியில் வல்லொலி அதிர்வு இழந்துவிடும். 'டாக்' என்னும் நாய் கடைசியில் 'க்' என்று கெட்டியாக முடியும். ஆங்கிலத்தின் அகன்ற 'ஏ' அவர்களுக்கு 'எ' ஆகிவிடும். இரண்டும் சேர்ந்தால் பை என்ற பொருளுள்ள பேகும் முதுகு என்ற பொருளுள்ள பேக்கும் கெஞ்சு என்ற பொருளுள்ள பெக்கும் ஒரே ஒலி. தமிழ் எழுத்தில் இவற்றைப் பிரித்து எழுதவே நான் இப்போது திண்டாடுகிறேன், கவனித்தீர்களா? கப்பலும் (ஷிப்) செம்மறியும் (ஷீப்) அவர்களுக்கு ஒன்று, ஏனென்றால் குறில் நெடில் வேறுபாடு அங்கே பொருளை மாற்றாது. நமக்கு அது தாய்ப்பாலோடு வந்தது.

இங்கேதான் என்னைப் போன்ற தமிழ் ஆசிரியர்களுக்கு ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது. குறில் நெடில் பிழையை நம் காது உடனே பிடிக்கும். ஆனால் வைனையும் வைனையும் (ஒன்று குடிப்பது, இன்னொன்று கொடி) அவர்கள் ஒரே 'வ'வில் சொன்னால் நமக்கு உறுத்தவே உறுத்தாது, நாமும் அப்படித்தான் சொல்கிறோம். 'சிஸ்டர் இஸ் டாக்டர்' என்றால் நம்மில் பாதிப் பேர் கடந்து போய்விடுவோம். 'ஃபைவ் இயர்ஸாக இருக்கிறேன்' என்பது தமிழிலும் நிகழ்காலம்தான். இரண்டு மொழிக்கும் பொதுவான ஓட்டையைத் தமிழ்க் காது ஓட்டையாகவே கேட்காது. நான் ஆரம்பத்தில் சில பிள்ளைகளுக்கு அள்ளிக் கொடுத்த மதிப்பெண்ணுக்கு இதுதான் காரணம் என்று பழைய பதிவுகளைக் கேட்டபோதுதான் புரிந்தது. அதனால் இப்போதெல்லாம் அழைப்பின்போது மதிப்பெண் போடுவதில்லை. பதிவு செய்து, மறுநாள், ஒரு தாளில் 'எ-தி', 'இஸ்-ஆர்', கேள்வி வரிசை, காலம், சொல்லிறுதி என்று பத்தி பிரித்துக்கொண்டு கேட்கிறேன்.

இந்த வழியின் குறையும் தெரிந்ததுதான். என் தாளில் உள்ள கணக்கை உலகத்தில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், வேறொரு ஆசிரியர் எடுத்தால் வேறு முடிவும் வரலாம். முப்பது பேர் உள்ள வகுப்புக்கு இது கட்டுப்படியாகாது. ஆளுக்கு அரை மணி, கேட்க இன்னொரு அரை மணி. பள்ளி ஆசிரியராக இருந்தால் ஃபிபியின் ஓகே மாதிரித்தாளை எடுத்து, எழுத்துப் பகுதியை மட்டும் எல்லோருக்கும் வைத்து, ஆறு கேள்விப் பகுதியை நாளுக்கு நான்கு பேர் வீதம் முடிப்பேன்.

அந்த அம்மாவுக்கு நான் எழுதிய பதில் இது. இந்த ஆண்டு விமானம் ஏற வேண்டாம். மகளுக்கு வாசிப்பும் கேட்பதும் பி1 இருக்கிறது, பேச்சு ஏ2வைத் தாண்டவில்லை; பயம் அவ்வளவாக இல்லை, பழக்கம்தான் இல்லை. மாதம் ஒரு முறை பெட்டின் பேச்சுப் பகுதியை, அவள் வயதுள்ள அல்மாட்டிப் பையன் ஒருவனோடு ஜோடி சேர்த்து நடத்துகிறேன். இருவருக்கும் ரஷ்ய மொழி தெரியும் என்பதால் இடையிடையே அதில் நழுவுவார்கள். நழுவினால் தலைக்கு ஒரு கேள்வி அபராதம். ஓகேயில் ஆங்கிலத்தை விருப்பப் பாடமாக எடுப்பதா என்று ஒன்பதாம் வகுப்பில் மார்ச் 1க்குள் விண்ணப்பத்தில் சொன்னால் போதும். அதற்குள் டிசம்பரில் ஓகே மாதிரித்தாள் ஒன்றை முழுசாக, கடிகாரம் வைத்து எழுதட்டும். 50க்கு மேல் வந்தால் எடுக்கலாம்.

வெளிநாட்டுக் கல்லூரி பற்றிய பேச்சைப் பத்தாம் வகுப்பில் வைத்துக்கொள்ளலாம் என்றும் எழுதினேன். ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் இரண்டே ஆண்டுதான் செல்லும். இப்போது எழுதி வைத்தால் விண்ணப்பிக்கும் நாளில் அது செத்துப்போயிருக்கும்.

முதல் ஜோடிப் பேச்சு வருகிற சனிக்கிழமை. பையனை ஓட்டல் வரவேற்பறையில் உட்கார வைத்திருக்கிறேன். லிஃப்ட் பழுது என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன்.